அவுரி நீலம்: பருத்தியில் நன்றாக ஏறுகிறது, கம்பளி மட்டும் சொரசொரப்பாகி நைந்துபோகிறது. எங்கே தவறு?

கைநூல் கேட்டது:

15 லிட்டர் எவர்சில்வர் பாத்திரத்தில் 1-2-3 கணக்கில் நீலத் தாழி (சாயக் கரைசல்) போட்டிருக்கிறேன். திண்டிவனம் பக்கத்து அவுரிக் கட்டியை அரைத்த தூள் 100 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 200 கிராம், ஃபிரக்டோஸ் (பழச்சர்க்கரை) 300 கிராம். சூடு 50 டிகிரி. பி.எச். தாள் (கார அளவு காட்டும் தாள்) 11க்கும் 12க்கும் நடுவே காட்டுகிறது. மேலே செம்பு நிறத்தில் ஆடை படர்கிறது, அடியில் தண்ணீர் தெளிந்து தேன் நிறத்தில் இருக்கிறது.

பருத்தித் துணி மூன்று முக்கில் (மூன்று முறை முக்கி எடுத்ததில்) நல்ல நீலம் பிடிக்கிறது. அதே தாழியில் நீலகிரி ஆட்டுக் கம்பளியைக் கையால் நூற்ற சிட்டம் 200 கிராம் போட்டேன். முக்குக்கு 15 நிமிடம், மூன்று முக்கு, கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசல். நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறது, நூல் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, இழுத்தால் சில இடங்களில் அறுந்துவிடுகிறது. தேய்த்தால் கையிலும் நீலம் ஒட்டுகிறது.

1. கம்பளிக்குத் தனித் தாழி வேண்டுமா, இதையே சரிப்படுத்த முடியுமா?
2. கையில் ஒட்டுவது ஏன்?
3. ஃபிரக்டோஸுக்குப் பதில் வெல்லம் போடலாமா?
4. பட்டுக்கு என்ன செய்வது?

---

தாழிக்கரை எழுதியது:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தாழி சரியாகத்தான் இருக்கிறது. அது பருத்திக்கான தாழி. கோளாறு அங்கேதான்.

சுண்ணாம்பு கரைந்து நிறைந்த தண்ணீரின் பி.எச். 12.4 வரை போகும். பருத்தி இந்தக் காரத்தைத் தாங்கிக்கொள்ளும். கம்பளி மயிரும் நம் தலைமுடியும் ஒரே வகைப் புரதம். அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். காரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். 50 டிகிரியில், பி.எச். 11க்கு மேல், மொத்தம் 45 நிமிடம் ஊறியிருக்கிறது. நூல் அறுந்ததற்கு இதுவே காரணம். சொரசொரப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நூலில் ஒட்டிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணக்கல் பொடியாக இழைமேல் படிந்துவிடுகிறது.

இதில் பொடியைக் கரைத்து எடுத்துவிடலாம். 6 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 80 மில்லி வினிகர் கலந்து, கசக்காமல் அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். மென்மை ஓரளவு திரும்பும். அறுந்த பிணைப்பு திரும்பாது, அந்த நூலின் பலம் போனது போனதுதான். அதைத் தறியில் இழுத்துக் கட்டும் பாவுக்கு வைக்காதீர்கள், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கம்பளிக்கு பி.எச். 8.5 முதல் 9.5 வரை, சூடு 45 முதல் 50 டிகிரி வரை. 8க்குக் கீழே இறங்கினால் கரைந்த நீலம் மறுபடி கரையாத வடிவத்துக்குப் போய்த் தண்ணீர் கலங்கிவிடும். 10க்கு மேலே போனால் நூல் கெடும். நடுவே இருக்கும் இடம் குறுகலானது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஒவ்வொரு முக்குக்கும் முன்னால் பி.எச். தாளை நனைத்துப் பார்க்க வேண்டும்.

இதில்தான் 1-2-3 தாழியின் சிக்கல். கரையாத நீலத்தை ஒடுக்கி, அதாவது கரையும் வடிவத்துக்கு மாற்றித் தருவது ஃபிரக்டோஸ்; காற்று பட்டால் அது மறுபடி கரையாத நீலமாகிவிடும். ஃபிரக்டோஸ் நன்றாக வேலை செய்வதற்கே காரம் அதிகமாக இருக்க வேண்டும். காரத்தைக் கம்பளிக்காக இறக்கினால் சர்க்கரை சோம்பிவிடும். அதனால் கம்பளிக்குத் தனித் தாழி போடுவதே நல்லது. இரண்டு வழிகள் சொல்கிறேன்.

முதல் வழி: ஹைட்ரோஸ் தாழி. சாயப்பட்டறைகளில் கிடைக்கும் அதே சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்தான். 200 கிராம் கம்பளிக்கு நடுத்தர நீலம் வர வேண்டுமென்றால்:

நீலத்தூள் 10 கிராமை ஒரு போத்தலில் போட்டு, கொஞ்சம் வெந்நீரும் ஏழெட்டுக் கோலிக்குண்டும் சேர்த்துப் பத்து நிமிடம் குலுக்குங்கள். கட்டி இல்லாத விழுதாகிவிடும். இந்த வேலையைச் சுருக்காதீர்கள். நனையாத தூள் கடைசிவரை நீலமாகவே மிதந்து நூலில் புள்ளிபுள்ளியாக ஒட்டும்.

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் 55 டிகிரித் தண்ணீர். அதில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 20 கிராம் கரைத்து, விழுதைச் சேர்த்து, மேலே ஹைட்ரோஸ் 20 கிராம் தூவி, நுரை வராமல் மெதுவாகக் கிளறி மூடுங்கள். ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் தெளிந்த மஞ்சளாகும். கண்ணாடித் துண்டு ஒன்றை நனைத்து எடுத்தால் வழியும் நீர் தெளிந்த மஞ்சளாக இருந்து, அரை நிமிடத்தில் நீலமாக வேண்டும். எடுத்தவுடனே நீலத் துகள் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை.

பெரிய பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீர், 48 டிகிரி. சாயம் சேர்ப்பதற்கு முன்பே 5 கிராம் ஹைட்ரோஸ் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அது தின்றுவிடும். வச்சிரப்பசையோ வாசனையில்லாத ஜெலட்டினோ 10 கிராம் ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். காரம் கம்பளியைத் தாக்காமல் அது காப்பு கொடுக்கும். பிறகு ஜாடிச் சாயத்தில் பாதியை, ஜாடியைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, மெதுவாக இறக்குங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றும் கூடவே இறங்கும். பி.எச். பாருங்கள். 9.5க்கு மேல் இருந்தால் வினிகர் கரண்டி கரண்டியாக. 8.5க்குக் கீழே போனால் அமோனியா சில சொட்டு. ஹைட்ரோஸ் வேலை செய்யச் செய்யத் தானே அமிலமாகும் என்பதால் நேரம் போகப்போக பி.எச். இறங்கிக்கொண்டே வரும்.

முக்கு 5 நிமிடம், காற்றில் 15 நிமிடம், மூன்று முறை. மீதிச் சாயத்தை இரண்டாவது முக்குக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோஸ் அளவுக்கு மீறிப் போட்டால் முன் முக்கில் ஏறிய நீலத்தை அதுவே திரும்பக் கரைத்து எடுத்துவிடும். மூன்றாவது முக்கில் நிறம் ஏறாமல் வெளிறினால் காரணம் இதுதான்.

எச்சரிக்கை: ஹைட்ரோஸைத் தண்ணீரில் தூவ வேண்டும், ஹைட்ரோஸ்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. டப்பாவில் ஈரம் புகுந்தால் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். காற்றோட்டமான இடத்தில்தான் வேலை.

இரண்டாம் வழி: மஞ்சிட்டி (சிவப்புச் சாய வேர்), தவிட்டுத் தாழி. கம்பளிக்கென்றே உருவான தாழி இது. ஐரோப்பாவில் துணி என்றாலே பெரும்பாலும் கம்பளி. அங்கே வோட் என்ற செடியின் இலையிலிருந்து நீலம் எடுத்தவர்கள் தவிடும் மஞ்சிட்டி இன வேரும் போட்டு, மிதமான காரத்தில் புளிக்கவைத்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் துணி என்றால் பருத்தி. இங்கே தகரை விதையும் சுண்ணாம்பும் உவர்மண் நீரும் போட்ட தாழி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போன நீலத் துணியும் பருத்திதான். எந்த ஊரில் எந்த இழையோ அதற்கேற்ற தாழி அங்கே வந்திருக்கிறது. பருத்தி ஊர்த் தாழியில் கம்பளியைப் போட்டால் இழைதான் அடி வாங்கும்.

15 லிட்டருக்கு நீலத்தூள் 40 கிராம், மஞ்சிட்டித் தூள் 20, கோதுமைத் தவிடு 20, சோடா ஆஷ் 60. சோடாவில் பாதியை மட்டும் முதலில் போடுங்கள். சூடு 40 முதல் 45 டிகிரி, இரவிலும் குறையக் கூடாது. சாக்கு சுற்றி வைக்கோலில் புதைத்தால் போதும், மலைப் பகுதியில் கூடுதலாக வெந்நீர்ப் போத்தல் வைக்க வேண்டியிருக்கும். நாளுக்கு இருமுறை நுரைக்காமல் கிளறுங்கள். பி.எச். 9க்கு இறங்கும்போது மீதி சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். ஐந்து முதல் பத்து நாளில் செம்பு ஆடை படரும், நீர் பச்சை கலந்த மஞ்சளாகும். வாசம் புளிப்போடு கொஞ்சம் மாட்டுத்தொழுவ நெடி இருக்கலாம். அழுகல் நாற்றம் வந்தால் காரம் குறைந்துவிட்டது, உடனே சோடா. பராமரித்தால் மாதக்கணக்கில் ஓடும். இதில் கம்பளி வரும் மென்மை ஹைட்ரோஸில் வராது என்பது என் கருத்து.

---

ஈரச்சிட்டம் எழுதியது:

தாழிக்கரை சொன்னதோட சேர்த்து, கையில ஒட்டுற விஷயத்துக்கு வர்றேன்ங்க. அதுக்குக் காரணம் பாதி தாழிக்கு வெளியதான் இருக்கு.

கையில ஒட்டுறது இழைக்குள்ள போகாம மேலயே உட்கார்ந்த நீலம். நூல்ல கொழுப்பு இருந்தா சாயம் உள்ள இறங்காது. அடிவண்டல் கலங்கி மேல வந்திருந்தா கரையாத துகள் ஒட்டும். இதெல்லாம் போக, ஒரே முக்குல கெட்டி நிறம் வரணும்னு சாயத்தைக் கெட்டியாப் போட்டாலும் ஒட்டும். லேசான தாழியில ஆறு முக்கு போட்ட நீலம், கெட்டித் தாழியில ரெண்டு முக்கு போட்டதைவிட உறுதியா நிக்கும்.

ஆட்டுக் கம்பளியில மெழுகுக் கொழுப்பு நிறைய இருக்கும். கையால நூத்த நூல்ல அது இன்னும் பாதி அப்படியே இருக்கும், நூக்கறதுக்கு வசதின்னு பலர் முழுசா எடுக்கமாட்டாங்க. சாயத்துக்கு முன்னாடி முழுசா எடுத்தாகணும். 55 டிகிரித் தண்ணி, பூந்திக்கொட்டைச் சாறு இல்லேன்னா காரமில்லாத சோப்பு நீர்மம், அரை மணி நேரம் முக்கி வைங்க. கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. அதே சூட்டுத் தண்ணியில ரெண்டு மூணு அலசல். சூட்டுல இருந்து நேரா பச்சைத் தண்ணிக்குப் போட்டு அலசினா கம்பளி சுருங்கி அடை பிடிச்சுக்கும். நீங்க குழாய்த் தண்ணியில அலசினதா சொல்றீங்க, சொரசொரப்புல இதுக்கும் பங்கு இருக்கும்.

சாதாரண துணி சோப்பு போட்டு அலசி, அது நூல்ல மிச்சம் இருந்தா சுண்ணாம்புத் தாழியில ரொம்பத் தொந்தரவு. சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு கசடாகி இழையில அப்பிக்கும். அந்த இடத்துல சாயம் ஏறாது, திட்டு விழும்.

திட்டுக்கு வேற காரணமும் இருக்கு. கம்பளி நனையவே நேரம் எடுக்கும். முந்தின ராத்திரியே ஊறப்போடுங்க. தாழியில இறக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, துண்டுல வெச்சு அமுக்கித் தண்ணியை எடுத்துட்டு, சிட்டத்தை ஓரமா வழுக்கி இறக்குங்க. சிட்டத்தை நாலு இடத்துல தளர்வா எட்டுப் போட்டுக் கட்டணும், இறுக்கிக் கட்டினா கட்டு விழுந்த இடம் வெள்ளையா நிக்கும். உள்ள இருக்கும்போது தண்ணிக்கு அடியிலயே மெதுவா நகர்த்துங்க, மேல தூக்கித் தூக்கி விடாதீங்க. வெளிய எடுக்கும்போதும் தண்ணி மட்டத்துலயே அமுக்கிட்டு எடுங்க, சொட்டுச் சொட்டா தாழிக்குள்ள விழற ஒவ்வொரு துளியும் காத்தைக் கொண்டு போகும். அடியில ஒரு கம்பி வலையோ கூடையோ வெச்சிட்டா வண்டல்ல நூல் படாது.

கம்பளி பருத்தியைவிட வேகமா நீலத்தை இழுக்கும். 15 நிமிஷம் தேவையே இல்லை.

முடிவுல ஒரு நாள் முழுக்க நிழல்ல காத்தாட விடுங்க. அப்புறம் வினிகர் தண்ணி, அப்புறம் 50 டிகிரியில காரமில்லாத சோப்புல அலசல், தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். பருத்தின்னா சோப்புத் தண்ணியில பத்து நிமிஷம் கொதிக்கவே விடலாம், மேல நிக்கிற நீலம் கழண்டுடும். அதே பருத்தியை முதல்ல கஞ்சி எடுத்து, எடைக்கு 2 சதவீதம் சோடா ஆஷ் போட்டு ரெண்டு மணி நேரம் கொதிக்க வெச்சிருக்கணும். தண்ணி டீ டிகாஷன் மாதிரி பழுப்பா வந்தா பயப்படாதீங்க, பருத்தி மெழுகும் அழுக்கும்தான்.

படிகாரம் எதுவும் போட வேண்டாம்ங்க. நீலத்துக்கு அது தேவையில்லை.

---

பொடிமட்டை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ். சுக்ரோஸ் நேரடியாக நீலத்தை ஒடுக்காது, வெல்லத்தில் கூடவே இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் வேலை செய்யும். அதனால் ஃபிரக்டோஸ் எடைக்கு வெல்லம் போட்டால் தாழி பச்சையிலேயே நின்றுவிடும். இரண்டு மடங்காவது வேண்டும், அப்போதும் ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். அழுகும் நிலைக்குப் போன கனிந்த வாழைப்பழம், பேரீச்சம்பழம் இரண்டையும் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு வெல்லத்தைவிடச் சிறப்பு. மருந்துக் கடைக் குளுக்கோஸ் தூளும் ஆகும், ஃபிரக்டோஸைவிட மெதுவாக.

பருத்திக்கு மட்டும் என்றால் சர்க்கரையே இல்லாமல் அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) தாழி போடலாம்: நீலம் 1, அன்னபேதி 2, சுண்ணாம்பு 3. சூடு தேவையில்லை. அடிவண்டல் அதிகம், ஆழமான பாத்திரம் வேண்டும். கம்பளியை அதில் போட வேண்டாம், சுண்ணாம்பு போதாதென்று இரும்பும் சேர்ந்து நூலை மங்கவைத்துக் கரகரப்பாக்கும்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு விஷயம். நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கு விற்கும் அவுரி இலைப் பொடி இந்த வேலைக்கு ஆகாது. அது காய்ந்த இலை. அதில் நீலம் இன்னும் உருவாகவே இல்லை, நீலமாக மாறக்கூடிய பொருள்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது, இலையை ஊறவைத்து, நீரை அடித்துக் காற்றேற்றி, படிந்த நீலத்தை வடித்துக் காயவைத்த கட்டி. பச்சையாக இருந்தால் இலை, கருநீலமாக இருந்தால் கட்டி. துணிக்குப் போடும் சொட்டு நீலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கட்டி வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். கீறிய இடம் செம்பு மாதிரி மினுங்க வேண்டும். எடை லேசாக இருக்க வேண்டும், நல்ல கட்டி தண்ணீரில் மிதக்கும். மண்ணோ சுண்ணாம்போ கலந்தது கனக்கும். கைவினைக் கட்டியில் உண்மையான நீலம் 20 சதவீதமும் இருக்கும், 50ம் இருக்கும். ஆகவே எந்தக் கணக்கையும் முதல் முறை சின்ன ஜாடியில் 5 கிராமில் சோதித்துவிட்டுத்தான் பெரிய தாழிக்குப் போக வேண்டும்.

சுண்ணாம்பும் அப்படியே. திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு பாதி சுண்ணக்கல்லாகியிருக்கும், காரம் கொடுக்காது. ஒரு கரண்டியில் எடுத்து வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் கெட்டது. நல்ல சுண்ணாம்பு அவ்வளவாக நுரைக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பானாலும் சரி, புதிதாக நீற்றியதாக இருக்கட்டும்.

---

கைநூல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கம்பளிக்கு ஹைட்ரோஸ் ஜாடியில் தொடங்குகிறேன், மஞ்சிட்டித் தாழியும் பக்கத்தில் போடுகிறேன். இன்னொரு சந்தேகம். இந்தச் சுண்ணாம்புத் தாழி இரண்டு வாரத்தில் தானே நிறம் மாறிவிடுகிறது, பருத்தியும் சாம்பல் கலந்த வெளிர் நீலமாக வருகிறது. சர்க்கரை போடுவதா, சுண்ணாம்பு போடுவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டும் விட்டுப்போயிற்று.

---

தாழிக்கரை எழுதியது:

ஆடையை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் நீர் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

நீலமாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் ஒடுக்கம் போதவில்லை. முதலில் 50 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு மணி நேரம் விடுங்கள், பல நேரம் அதுவே போதும். மாறாவிட்டால் லிட்டருக்கு ஒரு கிராம் ஃபிரக்டோஸ்.

கலங்கி, மோர் மாதிரி மஞ்சள் சாம்பலாக இருந்தால் காரம் இறங்கிவிட்டது. சர்க்கரை காரத்தில் சிதையும்போது அமிலங்கள் உண்டாகிச் சுண்ணாம்பைத் தின்றுவிடும், பயன்படுத்தாமல் வைத்தாலும் இது நடக்கும். டம்ளரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டுக் கலக்குங்கள். தெளிந்து தேன் நிறத்துக்கு வந்தால் தாழிக்கும் அதேதான், லிட்டருக்கு ஒரு கிராம். உங்கள் சாம்பல் நீலம் இந்த வகை என்றே நினைக்கிறேன். காரம் குறைந்ததைச் சர்க்கரைக் குறைவு என்று நினைத்து மேலும் சர்க்கரை கொட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அது இன்னும் அமிலத்தைத்தான் கூட்டும்.

தெளிவாக, பழுப்பாக, பி.எச். சரியாக இருந்தும் துணி வெளிறி வந்தால் நீலம் தீர்ந்துவிட்டது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. பருத்தி போட்டு ஓய்ந்து, பி.எச். 10க்கு வந்த தாழியில், வண்டல் படிந்தபின் மேல்தெளிவில், 40 டிகிரியில், மூன்று நிமிட முக்காகக் கம்பளியை வெளிர் நீலம் போடலாம். உடனே வினிகர். அடர்நிறம் எதிர்பார்க்காதீர்கள்.

பட்டுக்கும் ஏறக்குறைய அதே இடம்: பி.எச். 9.5 முதல் 10, சூடு 35 முதல் 40, இரண்டு மூன்று நிமிட முக்கு. இழைமேல் இயற்கையாக இருக்கும் பசை நீக்கிய பட்டாக இருக்க வேண்டும். பசை இருந்தால் காரம் அதைக் கரைக்கும்போது மேலே ஏறிய நீலமும் சேர்ந்து கழன்றுவிடும். கடைசியில் வினிகர் அலசல் பட்டின் சரசரப்பையும் திருப்பித் தரும்.

---

ஈரச்சிட்டம் எழுதியது:

ஹைட்ரோஸ் தாழியைக் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குங்க. அது தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கும், அப்படியே வாய்க்கால்லயோ குளத்துலயோ விட்டா மீன் சாகும். சாயம் தீர்ந்ததும் துடைப்பக்குச்சியால அரை மணி நேரம் நல்லா அடிங்க, நுரை வெள்ளையாகி தண்ணி முழுக்க நீலமாகற வரைக்கும். ராத்திரி விட்டா நீலம் அடியில படியும். மேல்தண்ணியை வினிகர் விட்டு பி.எச். 7 பக்கம் கொண்டு வந்து கொட்டுங்க. அடியில படிஞ்ச நீலத்தைத் துணியில வடிகட்டி வெச்சுக்கலாம், அடுத்த ஜாடிக்கு ஆகும்.